ஒரு பல் டாக்டரும் ஏழாயிரம் மருத்துவமனைகளும்

தாடை வீங்கி, காய்ச்சலோடு ஒரு கல்லூரி மாணவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், கிரீன்ஸ்பரோ நகரம். பல் டாக்டர் ஜார்ஜ் சிம்கின்ஸுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டும். கறுப்பின மக்களுக்கென்று ஊரில் இருந்த எல். ரிச்சர்ட்சன் மருத்துவமனை நிரம்பி வழிந்தது. இடம் கிடைக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மோசஸ் கோன், வெஸ்லி லாங் என்ற இரண்டு பெரிய மருத்துவமனைகளைக் கேட்டார். இரண்டும் கைவிரித்தன. மாணவர் கறுப்பர்.

1960 பிப்ரவரியில் நான்கு கறுப்பின மாணவர்கள் உல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த மேசையில் சாப்பாடு கேட்டு உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்ததும் இதே ஊரில்தான். அந்தப் போராட்டத்தை உலகம் அறியும். வீங்கிய தாடையோடு வந்த மாணவரைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அமெரிக்க மருத்துவமனைகளின் வாசல் திறந்த கதை இவரிடமிருந்துதான் தொடங்குகிறது என்பேன்.

சிம்கின்ஸ் கணக்கைத் தோண்டினார். மறுத்த இரண்டு மருத்துவமனைகளும் தனியாருடையவை. ஆனால் அவற்றின் கட்டடங்களில் மத்திய அரசின் பணம் இருந்தது: கோன் வாங்கியது 12 லட்சம் டாலருக்கு மேல், வெஸ்லி லாங் வாங்கியது 19 லட்சத்துக்கு மேல். கறுப்பின மக்களும் கட்டிய வரிப்பணம் அது.

அந்தப் பணம் 1946இன் ஹில்-பர்ட்டன் சட்டத்தின் வழியே வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டு, நாடு முழுவதும் மருத்துவமனை கட்டுவதற்காக அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட சட்டம். நல்ல சட்டம்தான், எத்தனையோ சிற்றூர்களுக்கு முதல் மருத்துவமனை அதனால்தான் கிடைத்தது. ஆனால் பாகுபாடு கூடாது என்று சொன்ன கையோடு, தனித்தனி இனத்தாருக்குத் தனித்தனி மருத்துவமனைகள் இருக்குமானால் பரவாயில்லை, தேவைக்கேற்பப் பங்கிட்டால் போதும் என்று ஒரு விதிவிலக்கையும் அது வைத்தது. தெற்கு மாநிலங்களின் ஓட்டுக்காகச் செய்த சமரசம். நோயாளிகளைப் பிரித்த சுவரை மத்திய அரசே காசு கொடுத்து எழுப்பியது.

1962 பிப்ரவரியில் வழக்குப் போட்டார்கள். ஆறு டாக்டர்கள், மூன்று பல் டாக்டர்கள், இரண்டு நோயாளிகள். டாக்டர்களுக்கும் இது வாழ்வாதாரப் பிரச்சினை. அந்த மருத்துவமனைகளில் தங்கள் நோயாளிக்கு வைத்தியம் பார்க்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியின் கீழிருந்த மத்திய நீதித்துறை வழக்கில் தலையிட்டு, அரசே இயற்றிய சட்டப்பிரிவு செல்லாது என்று வாதாடியது. மாவட்ட நீதிமன்றத்தில் தோல்வி. 1963 நவம்பர் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் சிம்கின்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகளின் மனுவை ஏற்க மறுத்தது. நான்கு மாதம் கழித்து, ஜூலை 2இல், சிவில் உரிமைகள் சட்டம் வந்தது. பாகுபாடு காட்டும் எவருக்கும் மத்திய அரசின் பணம் கிடையாது என்றது அதன் ஆறாம் பிரிவு.

சட்டம் வந்ததும் சுவர் விழுந்துவிடவில்லை. தெற்கே பல மருத்துவமனைகள் அசையவே இல்லை. லூசியானாவில் ரத்தத்தைக்கூட இனம் பிரித்து வைக்கும் சட்டம் அப்போதும் உயிரோடு இருந்தது. அசைய வைத்தது மெடிகேர். 65 வயது நிரம்பியவர்களுக்கு அரசே மருத்துவச் செலவைத் தரும் இந்தத் திட்டத்தில் 1965 ஜூலை 30இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். 1966 ஜூலை 1 முதல் சுமார் 1.9 கோடி முதியவர்களுக்குக் காப்பீடு. எந்த மருத்துவமனைதான் அந்த வருமானத்தை விடும்? ஆறாம் பிரிவுக்குக் கட்டுப்பட்டால்தான் அதில் ஒரு டாலராவது கிடைக்கும் என்று அரசு சொல்லிவிட்டது.

சோதனைக்கென்றே சுகாதாரத் துறையில் புதிதாக ஓர் அலுவலகம் திறந்தார்கள். வேறு வேலையில் இருந்தவர்களையும் இழுத்துக்கொண்டு, சுமார் ஆயிரம் பேரை ஊர் ஊராக அனுப்பினார்கள். எழுதிக் கொடுத்த உறுதிமொழியை மட்டும் நம்பாமல் வார்டுக்குள் போய்ப் பார்த்தார்கள். ஓர் அறையில் இரண்டு கட்டில். இரண்டிலும் யார் படுத்திருக்கிறார்கள்? காத்திருக்கும் இடம் ஒன்றா, இரண்டா? கறுப்பின டாக்டருக்கு உள்ளே இடமுண்டா? சோதனை நாளன்று மட்டும் நோயாளிகளைக் கலந்து படுக்கவைத்துவிட்டு மறுநாளே பிரித்த இடங்களும் உண்டு. அந்தக் குட்டை உடைத்தவர்கள் அங்கேயே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்கள். தெரிந்தால் வேலை போய்விடும் என்று அறிந்தே அதிகாரிகளுக்கு ரகசியமாகச் சேதி சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு இந்தக் கதையில் ஜான்சனைவிட அவர்களே பெரியவர்கள்.

தெற்கத்தி மருத்துவமனைகள் பிடிவாதம் பிடித்தால் வெள்ளை முதியவர்களும் சிகிச்சையின்றி நிற்பார்களே என்ற பயம் வாஷிங்டனில் இருக்கத்தான் செய்தது. அரசு இறங்கி வரவில்லை. ஜூலை பிறந்தபோது நாட்டின் சுமார் 7,000 மருத்துவமனைகளில் மிகப் பெரும்பாலானவை கட்டுப்பட்டிருந்தன. இருபது ஆண்டு அசையாதது சில மாதங்களில் அசைந்தது. மிசிசிப்பியில் நிமோனியாவிலும் வயிற்றுப்போக்கிலும் கறுப்பினக் குழந்தைகள் சாவது அடுத்த சில ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்ததைப் பின்னாளில் ஆய்வாளர்கள் கணக்கெடுத்துக் காட்டினார்கள்.

ஒரு கதவை மட்டும் அரசு தட்டவே இல்லை. டாக்டர்களின் சொந்த கிளினிக்குகளுக்குப் போகும் மெடிகேர் பணம் ஆறாம் பிரிவில் சேராது என்று ஒதுக்கிவிட்டார்கள். மருத்துவர் சங்கங்களின் பகைக்கு அஞ்சிச் செய்த இந்த விட்டுக்கொடுப்பு பெரும் பிழை. அதன் விலையை 1985இல் வந்த ஹெக்லர் அறிக்கையிலும் பார்க்கலாம். சிறுபான்மையினரிடையே ஆண்டுக்கு 60,000 பேர் கூடுதலாக இறக்கிறார்கள் என்று அரசே ஒப்புக்கொண்ட அந்த அறிக்கையைப் பற்றி அடுத்த வாரம் எழுதுகிறேன்.

சிம்கின்ஸ் 2001இல் காலமானார். 2016 செப்டம்பரில் கோன் மருத்துவமனை நிர்வாகம், வழக்குத் தொடுத்தவர்களில் உயிரோடு எஞ்சியிருந்த ஒரே டாக்டரான ஆல்வின் பிளவுன்ட்டிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அப்போது அவருக்கு வயது 94.

(தொடரும்)