கல்யாணம் வழியே வந்த 2 வருஷ கிரீன் கார்டு: நடுவில் வீடு மாறினால் யார் யாருக்கு, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும்?

மைசூரு தேவராஜ மொஹல்லாவிலிருந்து குவெம்பு நகருக்கு வீடு மாறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பால் போடுபவரிடம் சொல்வீர்கள், கேஸ் ஏஜென்சியில் சொல்வீர்கள். ஆதாரில் விலாசம் மாற்றுவதை மட்டும் 'அப்புறம் பாத்துக்கலாம்' என்று தள்ளிப்போடுவீர்கள். அந்த 'அப்புறம்' ரெண்டு வருஷம் ஆனாலும் பெரிதாக எதுவும் ஆகிவிடாது.

அதே மொஹல்லாவில் வளர்ந்த ஒரு பெண், அமெரிக்கக் குடிமகனைக் கல்யாணம் செய்துகொண்டு நியூ ஜெர்சியின் எடிசனுக்குப் போகிறார். கணவருக்கு வேலை மாற, இருவரும் டெக்சாஸின் இர்விங்குக்குக் குடிபெயர்கிறார்கள். "ஊர் மாறினா மாத்திக்க வேண்டியதுதானே, அதுல என்ன?" என்று போனில் அம்மா கேட்கிறார். சரிதான். ஆனால் இங்கே தள்ளிப்போட 10 நாள்தான் உண்டு. அந்தப் பெண்ணின் கையில் இருப்பது நிபந்தனையோடு கூடிய கிரீன் கார்டு என்பதால், ஒரு கடிதம் பழைய வீட்டுக்குப் போனாலே அவருடைய வசிப்புரிமை ஆட்டம் காணலாம். (இது விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொள்ளும் உதாரணம்தான். தேதிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.)

முதலில், அது என்ன 'நிபந்தனை'?

கிரீன் கார்டுக்காக மட்டும் நடக்கும் போலித் திருமணங்களைத் தடுக்கிறோம் என்று சொல்லி அமெரிக்க நாடாளுமன்றம் 1986-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, நீங்கள் நிரந்தர வசிப்பாளர் ஆகும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடியவில்லை என்றால் வழக்கமான 10 வருஷ கார்டு கிடைக்காது. 2 வருஷ கார்டுதான். உரிமைகளில் குறைவில்லை: வேலை பார்க்கலாம், வெளிநாடு போய் வரலாம். ஆனால் கார்டு காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஐ-751 என்ற மனுவைக் கணவனும் மனைவியும் சேர்ந்து போட்டு, 'இது நிஜக் கல்யாணம்தான்' என்று நிரூபித்தாக வேண்டும். 2024 ஏப்ரல் 1 முதல் அதற்குக் கட்டணம் 750 டாலர்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கணக்கில் வருவது விசா ஸ்டாம்ப் ஆன தேதி இல்லை, அமெரிக்காவுக்குள் நுழையும் தேதி. நம் உதாரணப் பெண்ணுக்கு 2023 ஜனவரியில் கல்யாணம். மும்பை தூதரகத்தில் நேர்காணல் முடித்து 2024 மார்ச் 10-ல் போய் இறங்கினார். 14 மாதம்தான் ஆகிறது, அதனால் நிபந்தனை கார்டு. விசா வந்தபிறகு, இரண்டாவது கல்யாண நாள் கழித்து இறங்கியிருந்தால் நேராக 10 வருஷ கார்டே கிடைத்திருக்கும். அந்தத் தேதிக்குச் சில வாரங்களே பாக்கி இருக்கிறவர்கள், விசா செல்லும் காலத்தையும் பார்த்துக்கொண்டு டிக்கெட் போடுங்கள்.

சரி, வீடு மாறினால்?

அமெரிக்காவில் வசிக்கும் வெளிநாட்டவர் அநேகமாக எல்லோருமே, விலாசம் மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு, அதாவது யுஎஸ்சிஐஎஸ்-க்குச் சொல்ல வேண்டும். எச்-1பி, எச்-4-ல் இருக்கும் உங்கள் நண்பர்களுக்கும் இது பொருந்தும். (அவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது என்பது என் சந்தேகம்.) படிவத்தின் பெயர் ஏஆர்-11. கட்டணம் கிடையாது. 2023 அக்டோபரிலிருந்து ஆன்லைன் கணக்கு வழியாகவே, நிலுவையில் இருக்கும் மனுவின் விலாசத்தையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம்.

காகிதத்தில் ஏஆர்-11 அனுப்புகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். அது 10 நாள் கடமையை நிறைவேற்றும், அவ்வளவுதான். ஐ-751 ஏற்கெனவே நிலுவையில் இருந்தால் அந்த ஃபைலில் விலாசம் மாறியதா என்பதை ரசீது எண்ணை வைத்துத் தனியாக உறுதிசெய்துகொள்ளுங்கள். தபால் அலுவலகத்தில் 'புது வீட்டுக்குத் திருப்பி அனுப்புங்கள்' என்று எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. குடியேற்றத் துறையின் கடிதங்களை அப்படித் திருப்பி அனுப்ப மாட்டார்கள், அவை அனுப்பிய இடத்துக்கே போய்விடும்.

நம் பெண் 2025 நவம்பர் 1-ல் இர்விங்குக்கு மாறினால், நவம்பர் 11-க்குள் இது முடிந்திருக்க வேண்டும். டிரைவிங் லைசென்ஸ் போன்றவற்றுக்குக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கணவருக்கும் ஒரு படிவம் உண்டு

அவர் குடிமகன், அவருக்கு ஏஆர்-11 கிடையாது. அதனாலேயே 'நமக்கு ஒண்ணும் இல்ல' என்று இருந்துவிடுவார். ஆனால் மனைவியை அழைத்தபோது ஐ-864 என்ற பொருளாதார உத்தரவாதத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த உத்தரவாதம் அமலில் இருக்கும் வரை, வீடு மாறிய 30 நாளுக்குள் ஐ-865 என்ற வேறொரு படிவம் அனுப்ப வேண்டும். மனைவி ஆன்லைனில் விலாசம் மாற்றினால் இது தானாக நடந்துவிடாது. தவறினால் 250 முதல் 2,000 டாலர் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. மனைவி அரசின் சில உதவித்தொகைகளைப் பெற்றது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 2,000 முதல் 5,000 வரை. நம் உதாரணத்தில் இவருடைய கெடு டிசம்பர் 1.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்?

சட்டப் புத்தகத்தின்படி அது சிறு குற்றம்: 200 டாலர் வரை அபராதம், 30 நாள் வரை சிறை, அல்லது இரண்டும். பொதுவான அபராதச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தால் அபராதம் 5,000 டாலர் வரை போகலாம். நாடு கடத்தவும் இது ஒரு காரணமாகலாம். வேண்டுமென்றே செய்யவில்லை, அல்லது நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபித்தால் தப்பலாம்.

நடைமுறை வரலாறு வேறு மாதிரி. 1940-களிலிருந்தே இருக்கும் கடமை இது. பல பத்தாண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு 'இனி கறாராக அமல்படுத்துவோம்' என்று அறிவித்தபோது, மக்கள் பொறுப்பாக அனுப்பிய விலாச அட்டைகளே கான்சஸ் சிட்டி பக்கம் ஒரு நிலத்தடிக் கிடங்கில் பெட்டி பெட்டியாகப் பதிவேற்றப்படாமல் கிடந்தது தெரியவந்தது. தரவுகளோடு பிழைப்பு நடத்தும் எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பும் வந்தது, வயிற்றைக் கலக்கவும் செய்தது. அதனால்தான் சொல்கிறேன்: ஆன்லைன் என்றால் உறுதிப்படுத்தும் பக்கத்தைச் சேமித்து வையுங்கள். காகிதம் என்றால் நகல் எடுத்து, ஒப்புகை ரசீதோடு அனுப்புங்கள்.

ஆனால் நிபந்தனை கார்டுக்காரர் அபராதத்தை நினைத்துத்தான் பயப்பட வேண்டும் என்றில்லை, தபால் பெட்டியை நினைத்துப் பயப்பட வேண்டும். நம் பெண்ணுக்கு ஐ-751 போடும் ஜன்னல் 2025 டிசம்பர் 10-ல் திறந்து 2026 மார்ச் 10-ல் மூடுகிறது. நினைவூட்டல் கடிதம் அனுப்ப முயல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அது வந்து சேராவிட்டாலும் உங்கள் கடமை அப்படியே இருக்கும் என்றும் அதே சட்டம் சொல்கிறது! மனு போட்டபின் வரும் ரசீதுதான், காலாவதியான கார்டை 48 மாதம் நீட்டிக்கும் ஆதாரம். அது பழைய வீட்டுக்குப் போனால் வேலையிடத்திலும் விமான நிலையத்திலும் காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. கைரேகைக்கான அழைப்பு தவறினால் மனுவையே கைவிட்டதாகக் கருதலாம். நேர்காணலுக்குப் போகாவிட்டால் வசிப்புரிமை ரத்தாகி, நீக்க நடவடிக்கை தொடங்கும். விவகாரம் குடியேற்ற நீதிமன்றம் வரை போய்விட்டால் கெடு இன்னும் குறுகும்: அங்கே வேறொரு படிவம், 5 நாள். யுஎஸ்சிஐஎஸ்-ல் மாற்றியது நீதிமன்றத்துக்குத் தானாகப் போகாது.

கெடு தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்ததா என்றால், இல்லை. தாமதத்துக்குத் தக்க காரணத்தை எழுதி, ஆதாரத்தோடு மனு போடலாம். ஏற்பது அதிகாரி கையில்.

விலாசப் பட்டியல்தான் உங்கள் சாட்சி

நிரந்தர வசிப்பாளர் ஆனதிலிருந்து எங்கெங்கே, எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தீர்கள் என்று ஐ-751 கேட்கும். இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, வரித் தாக்கல் எல்லாம் இணைப்பீர்கள். ஏஆர்-11-ல் ஒரு தேதி, ஒப்பந்தத்தில் ஒரு தேதி, வங்கி ஸ்டேட்மென்டில் இன்னும் எடிசன் விலாசம் என்று இருந்தால் கேள்வி வரும். பெரும்பாலும் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் கேள்வியே வராமல் பார்த்துக்கொள்வது சுலபம்: மாறிய அன்றே ஒரு ஷீட்டில் நாலு வரி எழுதி வையுங்கள்.

வேலைக்காகக் கணவர் ஒரு ஊரிலும் நீங்கள் ஒரு ஊரிலும் இருப்பது குற்றம் இல்லை. மறைப்பதுதான் ஆபத்து. இரண்டு விலாசத்தையும் உள்ளபடி எழுதி, ஏன் என்பதை ஒரு கடிதத்தில் சொல்லி, மாதாமாதம் போய் வந்த டிக்கெட்டுகளை இணையுங்கள்.

மைசூருக்கு வந்திருக்கும்போது கெடு வந்தால்?

அப்பாவுக்கு ஆபரேஷன் என்று மூன்று மாதம் தேவராஜ மொஹல்லாவில் வந்து இருப்பது விலாச மாற்றம் ஆகாது, அமெரிக்க வீட்டை விடாத வரை. இந்தியாவில் இருந்தபடியே ஐ-751 அனுப்பலாம், விதி அனுமதிக்கிறது. நேர்காணல் என்றால் கணவரோடு சேர்ந்து அங்கே ஆஜராக வேண்டும். இங்கிருக்கும்போது அந்த வீட்டை காலி செய்கிறார்கள் என்றால், நம்பிக்கையான ஒருவரின் அமெரிக்க விலாசத்தை 'இன்னார் மேற்பார்வையில்' என்று தபால் விலாசமாகக் கொடுக்கலாம். படிவத்தில் வசிக்கும் இடம், தபால் விலாசம் இரண்டும் தனித்தனி கட்டங்கள்.

பிரிந்து போவதற்காக வீடு மாறுகிறீர்களா?

இதைப் படிப்பவர்களில் சிலருக்கு உண்மையான கேள்வி இதுதான் என்று தெரியும். 'வீட்டை விட்டு வெளியே வந்தா என் கார்டு போயிடும்' என்று பயந்து, அடி வாங்கிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. பிரிந்து வாழ்வதாலேயே கார்டு தானாக ரத்தாகாது. விவாகரத்தாகி, கல்யாணம் நேர்மையாகத்தான் நடந்தது என்று காட்ட முடிந்தால் கணவர் கையெழுத்து இல்லாமலே மனு போடலாம். கொடுமை நடந்திருந்தால் விவாகரத்துகூடத் தேவையில்லை. 1990-ல் சேர்க்கப்பட்ட விலக்கு அது. இந்த மனுக்களுக்குக் கடைசி 90 நாள் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

அப்போதும் 10 நாள் விதி உண்டு. ஏஆர்-11 யாரோடு இருக்கிறீர்கள், ஏன் மாறினீர்கள் என்று கேட்பதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆன்லைன் கணக்கின் பாஸ்வேர்டு கணவரிடம் இருக்கிறதா, அது அவர் ஈமெயிலில் திறந்த கணக்கா என்று முதலில் பாருங்கள். கொடுமையின் பேரில் விலக்கு கேட்பவரின் தகவல்களை கொடுமை செய்தவரிடம் வெளியிடக் கூடாது என்று தனிச் சட்டப் பாதுகாப்பும், பாதுகாப்பான வேறு தபால் விலாசம் தரும் வழியும் இருக்கின்றன. இந்த இடத்தில் மட்டும் நீங்களாகப் படிவம் நிரப்பாமல், குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிட்டுச் செய்யுங்கள்.

இங்கேயும் இப்படி உண்டா?

உண்டு. இந்தியரைக் கல்யாணம் செய்த வெளிநாட்டவர், பதிவான கல்யாணம் தொடர்ந்து இரண்டு வருஷம் நீடித்திருந்தால் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். குடியுரிமைச் சட்டம் 1955-ன் 7ஏ பிரிவு அது. அமெரிக்காவில் இரண்டு வருஷம் கழித்து நிபந்தனை நீங்கிவிடுகிறது. இங்கே அப்படி இல்லை: 7டி பிரிவின்படி, கல்யாணம் முறிந்தால் எத்தனை வருஷம் கழித்தும் அந்த ஓசிஐ-யை அரசு ரத்து செய்யலாம். மைசூருக்கு மருமகளாக வந்த வெளிநாட்டுப் பெண் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இதை அவரிடம் சொல்லி வையுங்கள்.