வீட்டுச் சுவரும் வெள்ளைப் பூச்சும்



தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒரு பேச்சு எழும். "இந்த வருசம் முன்னறைக்கு என்ன சாயம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "சம்பளம் வரட்டும், பார்ப்போம்" என்பார் தந்தை. கடைசி வாரத்தில் சாய டின் வந்து சேரும். ஒரே நாளில் அடித்து முடித்துவிடுவோம். அடுத்த மழைக்காலத்தில் பூச்சு ஏடு ஏடாக உரிந்து விழும். உடனே சாயத்தைக் குறை கூறுவோம். குற்றம் உண்மையில் சாயத்தின் மீதா, நம் வேலையின் மீதா? சுவருக்கு வெள்ளை பூசிய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தால் விடை கிடைக்கும்.

வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் சுவருக்குப் பூசும் சுண்ணாம்பும் ஒரே பொருள்தான். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுவார்கள். அதிலிருந்து கரியமில வாயு வெளியேறும். சுட்டதன் மேல் நீர் ஊற்றினால் கொதித்துப் பொங்கி நீறாகும். அந்த நீற்றைக் கரைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மீண்டும் இழுத்துக்கொண்டு பழையபடி கல்லாகிவிடும். ஆகவே சுண்ணாம்புப் பூச்சு என்பது வெறும் நிறமன்று. சுவரின் மேல் படியும் மெல்லிய கல். ஆனால் அடியில் தூசியும் பழைய உரிசலும் இருந்தால் அந்தக் கல்லுக்குப் பிடிப்பு ஏது?

இதை நன்கு அறிந்திருந்தவர்கள் நம் முன்னோர். சிங்கப்பூரில் இன்றும் நிற்கும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் அதற்குச் சான்று. அதன் கட்டுமானம் 1856ஆம் ஆண்டு தொடங்கியது. 1862இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த கைதிகள். உட்சுவர்களுக்கும் தூண்களுக்கும் "மெட்ராஸ் சுண்ணாம்பு" எனப்பட்ட சாந்தையே பூசினார்கள். கைதிகளை மேற்பார்வையிட்ட மெக்நாயர் என்ற அதிகாரி, 1899இல் வெளிவந்த நூலில் அதன் பக்குவத்தை எழுதி வைத்திருக்கிறார். மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய நீர் ஆகியவை சேர்ந்த கலவை அது. பூசிக் காய்ந்த பிறகு உருண்டைக் கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு ஏற்றினார்கள். அந்த வேலையைச் செய்தவர்களின் பெயர்களை நாம் அறியோம். அவர்களுடைய பொறுமையை மட்டும் அறிவோம். பூசிய நேரத்தைவிட, கலவையைப் பதப்படுத்தவும் சுவரைத் தேய்க்கவும் செலவான நேரமே அதிகம்.

நம் தோட்டத்து லயங்களுக்கு வந்த சுண்ணாம்பு இத்தனை பகட்டானதன்று. முதல் நாளே பீப்பாயில் நீற்றுப்போட்டு, மறுநாள் துணியில் வடிகட்டி, பிடிப்புக்காகக் கொஞ்சம் உப்போ கஞ்சியோ சேர்த்து, வெண்மை எடுப்பாகத் தெரிய நீலம் கலந்து அடிப்பார்கள். அதன் கடுமையான காரத்தன்மை பல கிருமிகளைக் கொல்லும். ஆகையால்தான் மக்கள் நெருக்கமாக வாழ்ந்த இடங்களில் சுண்ணாம்பு அடிப்பதைச் சுகாதாரக் கடமையாகக் கருதினார்கள். ஆனால் அந்தச் சுவர் தோட்டத்தின் சுவர். எப்போது வெள்ளை அடிப்பது என்பதை நிர்வாகமே முடிவு செய்தது. தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 1966இல் தனிச் சட்டம் வந்தது. 1990இல் அதனினும் விரிவான சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இன்று நம்மில் பலர் தோட்டத்தை விட்டுச் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். சுவர் நம்முடையது, அதைக் காக்கும் பொறுப்பும் நம்முடையது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நீரில் கரைத்து அடிக்கும் எமல்ஷன் சாயம் பரவியது. அது சுண்ணாம்பைப் போல் கல்லாவதில்லை; மெல்லிய தோல்போல் படிகிறது. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால், அச்சுவர் சாயத்துக்கு ஆயத்தமாகவில்லை என்று பொருள். பொடியின் மேல் ஒட்டிய தோல், பொடியோடு சேர்ந்தே உரியும்.

பழைய சாயத்தைச் சுரண்டுவதில் ஓர் ஆபத்தும் உண்டு. முற்காலத்து எண்ணெய்ச் சாயங்களில் ஈயம் கலந்திருந்தது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில், குழந்தைகளைத் தாக்கிய ஈய நஞ்சுக்கு வீட்டுச் சாயமே காரணம் என்று மருத்துவர் லாக்ஹார்ட் கிப்சன் 1904இல் எடுத்துக்காட்டினார். கட்டடங்களின் உட்புறத்தில் ஈய வெள்ளை பூசுவதைக் கட்டுப்படுத்த 1921இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கையும் செய்தது. இருந்தும் பல நாடுகளில் ஈயச் சாயம் நெடுங்காலம் விற்பனையானது. ஈயத்தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வெறும் சுண்ணாம்புச் சுவரில் இந்தப் பயமில்லை. பழைய கதவு, சன்னல், எண்ணெய்ச் சாயம் அடித்த சுவர் ஆகியவற்றில்தான் எச்சரிக்கை தேவை.

ஆகவே நேயர்களே, முறையை மனத்தில் கொள்ளுங்கள். முதலில் கூரை ஒழுக்கையும் குழாய்க் கசிவையும் அடையுங்கள்; ஈரச்சுவரில் எந்தச் சாயமும் நிற்காது. பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ அனுப்பிவிடுங்கள். பழைய சாயத்தை நீர் தெளித்து நனைத்தே சுரண்டுங்கள். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நெருப்புக் காட்டி எரிக்கவும் வேண்டாம். தரையைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வேலை உடுப்பைத் தனியாகத் துவையுங்கள். பிறகு சுவரைக் கழுவிக் காயவிட்டு, வெடிப்புகளை அடைத்து, அடிப்பூச்சு ஒன்று கொடுங்கள். புதுச் சிமெண்டுப் பூச்சாக இருந்தால் ஒரு மாதமாவது ஆறவிடுங்கள். அதன் பின்னரே நிறம்.

தீபாவளிக்கு முதல் நாள் தொடங்கினால் இத்தனையும் நடக்குமா? நடக்காது. ஒரு மாதம் முன்னதாகத் தொடங்குங்கள். ஒருமுறைக்கு ஓர் அறை போதும். கல்லெடுத்துத் தேய்த்த அந்தக் கைகளின் வழி வந்தவர்கள் நாம். அடிவேலையில் அவசரம் வேண்டாம்.