யாழ்ப்பாணப் புகையிலையும் இதயமும்

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்தம் ஆட்சியிற் புகையிலை குடாநாட்டின் தலையாய ஏற்றுமதிப் பொருளாயிற்று. அதன் பெருஞ்சந்தை திருவிதாங்கூர். அவ்வரசு புகையிலை வணிகத்தைத் தன் தனியுரிமையாகவே வைத்திருந்தது. அங்கு சென்ற இலையிற் பெரும்பகுதி வெற்றிலையோடு மெல்லப்பட்டதேயன்றிப் புகைக்கப்பட்டதன்று. இருபதாம் நூற்றாண்டில் அச்சந்தை தளரச் சுருட்டுத் தொழில் மேலோங்கியது. தென்னிலங்கையிலும் யாழ்ப்பாணச் சுருட்டு பெயர்பெற்றது. இதனை வணிகமாற்றமாக மட்டும் கருதுவது போதாது. இலை புகையாயிற்று என்பதே உடலைப் பொறுத்தவரை முதன்மையான செய்தி.

மெல்லும் இலையும் தீங்கற்றதன்று. வாய்ப்புற்றுநோய்க்கு அது காரணம். எரியும் இலையோ நிக்கொற்றீனோடு காபனோரொட்சைட்டையும் குருதியிற் சேர்க்கிறது. முன்னையது நாடித்துடிப்பையும் குருதியமுக்கத்தையும் உயர்த்த, பின்னையது ஒட்சிசனின் இடத்தைக் கவர்கிறது. எனவே இதயம் குறைந்த ஒட்சிசனைக்கொண்டு கூடிய வேலை செய்யவேண்டியதாகிறது. முடியுருநாடிகளின் உட்படை பழுதுற்றுக் கொழுப்புப் படிகிறது. நாளடைவில் இடது இதயவறையின் சுவர் தடிக்கக்கூடும். தடித்த சுவர் எளிதில் தளராது, அறை நிரம்புவதும் குன்றும். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை என்பார் உளர். ஆயினும் அதன் நிக்கொற்றீன் வாயின் மென்சவ்வு வழியாகவே குருதியை அடையும்.

திண்ணையிற் சுருட்டுப் புகைத்தவரின் அருகிருந்த மனைவி மக்களும் அப்புகையையே சுவாசித்தனர். அவர்களின் இதயத்தையும் அது தாக்கவல்லது. இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் மூடிய பொது இடங்களிற் புகைத்தலைத் தடைசெய்தது. வீட்டுத் திண்ணை அதன் எல்லைக்குள் வரவில்லை.