ஆத்தூர் ஒன்றியத்தின் நல்வாழ்வு முன்னோடித் திட்டமும் அதன் விரிவும்

திண்டுக்கல் வட்டாரத்து மருத்துவப் பணியின் வரலாறு நம்மிடையே பெரும்பாலும் மிஷனெரிமாரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அஃது இயல்பே. அமெரிக்க மதுரை மிஷன் 1835ஆம் ஆண்டிலேயே திண்டுக்கல்லில் ஒரு நிலையத்தை நிறுவிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போதகரும் மருத்துவருமாயிருந்த எட்வர்டு செஸ்டர் அங்கே நெடுங்காலம் மருந்தகம் நடத்தினார். ஆயின் அதே சமவெளியில், சிறுமலை அடிவாரத்தில், திருச்சபையின் எல்லைக்கு வெளியே நடந்த ஒரு பணி நம் கவனத்தை அவ்வளவாக ஈர்க்கவில்லை. காந்திகிராமத்தை மையமாகக் கொண்டு ஆத்தூர் ஊராட்சி ஒன்றியத்தில் 1959இல் தொடங்கிய நல்வாழ்வு முன்னோடித் திட்டமே அது. வெளியாரின் பணத்தால் ஒரு சிற்றிடத்தில் தொடங்கும் நற்பணி நாடு தழுவியதாக விரியும்போது எது அதனுடன் செல்கிறது, எது பின்தங்கிவிடுகிறது என்பதை அத்திட்டத்தின் வரலாற்றில் தெளிவாகக் காண்கிறோம். அயல்நாட்டு உதவியால் எழுந்த மருத்துவமனைகளைப் பேணும் பொறுப்பை ஏற்றிருக்கும் நம் சபைகளுக்கு இக்கேள்வி புதியதன்று.

திட்டத்துக்கு முன்பே அங்கு நிலம் பண்படுத்தப்பட்டிருந்தது. டி. வி. சுந்தரம் ஐயங்காரின் மகளாராகிய மருத்துவர் சௌந்தரம் இளமையிலேயே கணவரை இழந்தவர்; தில்லி லேடி ஹார்டிஞ்சு கல்லூரியில் மருத்துவம் பயின்று, 1940இல் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டவர். சாதியையும் கைம்மையையும் பற்றி அக்காலச் சமுதாயம் வகுத்திருந்த கோடுகளை அவர் தம் வாழ்விலேயே கடந்துவிட்டார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1947இல் இருவரும் காந்திகிராமத்தை நிறுவினர். நெசவாளர் ஊராகிய சின்னாளபட்டியில் சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிய பணியே பின்னர்க் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. ஆகவே 1959இல் வெளிப்பணம் வந்தபோது, அவ்வூர்ப் பெண்கள் அறிந்த ஒரு வாசலும் அவர்கள் நம்பிய ஒரு பெண் மருத்துவரும் முன்னமே இருந்தனர். இந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் எந்தத் திட்ட மதிப்பீட்டிலும் செலவாகக் காட்டப்படவில்லை. அதை நாம் ஒரு முக்கியமான செய்தியாகக் கருதுகிறோம்.

இந்தியா 1952இலேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. எனினும் தொடக்க ஆண்டுகளில் மருந்தகத்தைத் திறந்து வைத்து மக்கள் தேடி வருவார்கள் என்று காத்திருப்பதே முறையாயிருந்தது. அவர்கள் வரவில்லை. இந்நிலையில் மத்திய அரசு, சென்னை மாநில அரசு, அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை ஆகியவற்றின் கூட்டுறவுடன் ஏறத்தாழ ஓர் இலட்சம் மக்கள் வாழ்ந்த ஆத்தூர் ஒன்றியம் ஆய்வுக் களமாயிற்று. பணம் அனைத்தும் கட்டடங்களுக்கென்று கொடுக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஓர் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வழக்கமான ஊழியரைக் கொண்டே, தாய்சேய் நலத்தோடு குடும்ப நலத்தையும் இணைத்து, வீடு வீடாகச் சென்று செய்வது இயலுமா? இயலுமானால் எந்த ஊழியர் எந்த வேலையைச் செய்ய வேண்டும்? இவற்றை அறிவதற்கே பணம் கொடுக்கப்பட்டது. 1964இல் இப்பணியினின்று கிராமிய நல்வாழ்வு, குடும்பக் கட்டுப்பாட்டு நிறுவனம் உருவாகி, பிற இடங்களின் ஊழியருக்கும் பயிற்சியளிக்கலாயிற்று.

1959இல் ஆயிரம் பேருக்கு ஏறக்குறைய 43ஆக இருந்த பிறப்பு விகிதம் 1968இல் ஏறக்குறைய 28ஆகக் குறைந்தது. இந்த இறக்கம் முழுவதும் திட்டத்தின் விளைவே என்று கூறுவதற்கில்லை. கல்வியும் பிழைப்பும் அவ்வாண்டுகளில் மாறிக்கொண்டே இருந்தன. ஆயினும் ஒன்பது ஆண்டுகளில் இத்தகைய மாற்றம் ஒரு கிராமப்புற ஒன்றியத்தில் நிகழக்கூடும் என்பதே அந்நாளில் பலருக்கு வியப்பாயிருந்தது. துணைச் செவிலியராகிய இளம்பெண் ஒருவர், பேறுகாலத்தில் உடனிருந்து, குழந்தையின் காய்ச்சலை விசாரித்து, மாமியாரின் ஐயங்களுக்கும் விடை கூறிய பின்னரே அடுத்த பிள்ளையைப் பற்றிப் பேச முடிந்தது. ஊர்ப் பெரியவர்களும் அவ்வாறே பொறுமையாக அணுகப்படவேண்டியவர்களாயிருந்தனர்.

இனி விரிவைக் காண்போம். 1963இல் மத்திய அரசு மருந்தகத்தில் காத்திருக்கும் முறையை விட்டு, மக்களை நாடிச் செல்லும் விரிவாக்க முறையை மேற்கொண்டது. 1966இல் குடும்பக் கட்டுப்பாட்டுக்கெனத் தனித்துறை அமைந்தது. ஆத்தூரில் பார்த்த வடிவம், அதாவது துணை நிலையம், செவிலியர், வருகைப் பதிவேடு ஆகியவை நாடெங்கும் சென்றன. ஆனால் காகிதத்தில் எழுதக்கூடியதே எளிதில் பயணம் செய்யும். பன்னிரண்டு ஆண்டுப் பழக்கத்தை எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதி அனுப்ப முடியாதல்லவா? அதன் இடத்தை இலக்கு எண்கள் பிடித்துக்கொண்டன. சென்னை மாநிலம் அறுவை செய்துகொள்ளும் ஏழைகளுக்கு முப்பது ரூபாய் அளிக்கும் ஏற்பாட்டை 1950களிலேயே தொடங்கியிருந்தது. ஆள் கொண்டுவருவோருக்கும் தொகை கிடைத்தது. பசியுள்ளவனிடம் முப்பது ரூபாயை நீட்டி அவனுடைய இசைவைப் பெறுவது இசைவுதானா என்ற கேள்வியை அறநெறி பயிலும் நாம் அன்றே எழுப்பியிருக்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 என்ற ஒரே ஆண்டில், நாட்டில் 80 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் நடைபெற்றன. வட மாநிலங்களில் கட்டாயத்தின் கொடுமை மிகுதியாயிருந்தது. 1977 தேர்தலில் மக்கள் அதற்கு விடையளித்தனர். அதன்பின் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்ற பெயரே ‘குடும்ப நலம்’ என மாறிற்று. மேலிருந்து இலக்கு எண்களை விதிக்கும் முறை 1996 ஏப்ரலில்தான் நாடு முழுவதும் கைவிடப்பட்டது. ஆத்தூரின் செவிலியர் மீது இப்பழியைச் சுமத்துவது நீதியன்று. ஆத்தூரின் பெயரும் முறையும் ஆத்தூரின் பொறுமையின்றியே ஏற்றுமதியாயின என்பதே நம் கருத்து.

இதே நிலப்பகுதி, திண்டுக்கல் இன்னும் மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், இன்னொரு விரிவையும் கண்டது. 1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கிற்று. வங்கியின் கடன் 320 இலட்சம் டாலர். ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்ப்பர். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு அளிப்பர். எல்லாருக்கும் எப்போதும் உணவு என்பதைக் காட்டிலும் செலவு குறைவு. மேலும், எடைக் கோடு சரியும்போதே தாய்க்குச் செய்தி தெரிந்துவிடுகிறது. ஊட்டச்சத்துப் பணியாளரை அந்தந்த ஊர்ப் பெண்களுள்ளிருந்தே தேர்ந்தெடுத்தனர். தம் பிள்ளைகளை நன்கு வளர்த்தவர் என்பது அவரிடம் எதிர்பார்க்கப்பட்ட தகுதிகளுள் ஒன்று. சில ஆண்டுகளில் ஏறத்தாழ 9,000 நிலையங்கள் இயங்கின. இங்கு விரிந்தது எண் மட்டுமன்று. ஊர்ப் பெண்ணைப் பணியாளராகக் கொள்ளும் விதியே திட்டத்தின் உள்ளே எழுதப்பட்டிருந்ததால், பழக்கமும் ஓரளவு உடன் சென்றது.

கடனைத் திருப்பிச் செலுத்த வேண்டியவர்கள் பிற்காலத்து மக்களே என்பது மறக்கற்பாலதன்று. 1982 ஜூலையில் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு விரிவுபடுத்திய சத்துணவுத் திட்டமோ பெரும்பாலும் மாநிலத்தின் சொந்த வருவாயில் நடந்தது. வல்லுநர் பலர் அதனைச் சிக்கனமற்றது எனக் குறை கூறினர். ஆனால் எந்த அரசும் அதன்பின் அதை நிறுத்தத் துணியவில்லை. வாக்காளர் அதைத் தம் உரிமையாகக் கொண்டுவிட்டனர்.

ஒட்டன்சத்திரத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1955இல் மருத்துவர் தாரியனும் மருத்துவர் ஜேக்கப் செரியனும் அங்குக் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கியபோது, அது அயல்நாட்டு மிஷனின் கிளையாக அன்றி இந்தியரின் முயற்சியாகவே பிறந்தது. காய்கறிச் சந்தைக்கு வந்துபோகும் உழவர் சூழ்ந்த ஊரில் அது வேரூன்றிற்று. மிஷன் சங்கங்களின் மானியம் குறைந்தபோது தளர்ந்துபோன நம் மருத்துவமனைகள் பல. தொடக்கத்திலேயே அத்தகைய சங்கம் ஒன்றன் மீது சாயாது நின்ற இம்மருத்துவமனையின் வரலாற்றை அவற்றின் வரலாற்றோடு ஒப்புநோக்கி ஆராய்வது நம் மாணவருக்கு நல்ல ஆய்வுப் பொருளாகும்.

மருத்துவர் சௌந்தரம் 1962இல் திண்டுக்கல்லிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, மத்தியக் கல்வித் துணையமைச்சராகவும் இருந்தார், 1984இல் மறைந்தார். அவர் தோற்றுவித்த நிறுவனம் அம்பாத்துரையில் இன்றும் ஊழியரைப் பயிற்றுவிக்கிறது. துணைச் செவிலியர் இன்று கிராம சுகாதாரச் செவிலியர் என்ற பெயரோடு, சமவெளியில் 5,000 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் பணியாற்றுகிறார். அவருடைய ஊதியம் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. நன்கொடையாளர் எவருடைய கடிதத்தையும் அவர் எதிர்நோக்கிக் காத்திருப்பதில்லை.