கண்ணாடி எழும் கணம்

விராலிமலை என்றதும் மயிலும் சதிரும் நம் நினைவில் எழும். இரண்டும் ஆடுபவை. ஆட்டத்தை நிறுத்திக் காட்டும் கருவி எதைப் பிடிக்கிறது, எதைத் தவறவிடுகிறது?

டிரெஸ்டன் நகரின் இஹகே நிறுவனம் 1936இல் கினே எக்ஸாக்டாவை வெளியிட்டது. 35 மி.மீ. படச்சுருளில் இயங்கும் ஒற்றைவில்லைக் கேமராக்களின் முன்னோடிகளுள் அது ஒன்று. உள்ளிருக்கும் கண்ணாடி ஒளியை மேலே திருப்ப, குனிந்து பார்க்க வேண்டும். பிம்பம் இடவலம் மாறியிருக்கும். வலப்புறம் ஓடும் மயில் இடப்புறம் ஓடும், ஆடுபவரின் வலக்கை முத்திரை இடக்கைக்குப் போகும். 1949இல் அந்நகரிலிருந்தே வந்த காண்டாக்ஸ் எஸ், ஐம்பட்டகத்தால் அதை நேராக்கியது.

ஆயினும் ஒரு குறை நீடித்தது. விசையை அழுத்தியதும் கண்ணாடி எழும், பார்வை இருளும்; அடுத்த படத்திற்குச் சுருளை நகர்த்தும்வரை அது கீழிறங்காது. பதிவான கணமே பதித்தவன் காணாத கணம்.

சென்னை மாகாணத்தின் 1947ஆம் ஆண்டுச் சட்டம் தேவதாசிப் பொட்டுக்கட்டலைத் தடுத்தது. விராலிமலையை உள்ளடக்கிய புதுக்கோட்டை சமஸ்தானம் 1948இல் இந்தியாவுடன் இணைந்தது. பெண்களின் விடுதலைக்கென வந்த மாற்றத்தில் சதிர் தன் கோயில் அரங்கை இழந்தது. அம்மரபில் வந்த முத்துக்கண்ணம்மாளுக்கு 2022இல்தான் பத்மஸ்ரீ கிடைத்தது.

சதிரில் ஆடுபவரே பாடவும் செய்வார். படம் ஒரு நிலையைக் காக்கும். இரு நிலைகளுக்கு நடுவிலுள்ள அசைவையும் குரலையும் காக்காது. அவற்றை இத்தனை ஆண்டுகள் சுமந்தது ஒரு பெண்ணின் உடலும் நினைவும்தாம். படச்சுருளைப் பேணும் நாம், அந்த நினைவு இருக்கும்போதே அதனிடம் கற்றுக்கொள்ளவும் வேண்டும்.