இயங்கும் வன்தட்டைப் படியெடுத்தல்: காப்பு ஏற்பாடுகள் வளர்ந்த வரலாறு

வன்தட்டைப் படியெடுக்கும் மென்பொருள் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வரிசையாகப் படித்துக்கொண்டே போகும். பெரிய வட்டானால் மணிக்கணக்கில் ஆகும். மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தின் பல்லவ கிரந்த எழுத்துகள்மேல் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பவருக்கு எவ்வளவு நேரம் ஆனாலும் கவலையில்லை, கல் அசையாது. இயங்கும் கணினியின் வட்டு அப்படியன்று. கோப்புகளின் இருப்பிடத்தைச் சொல்லும் அட்டவணையைப் படியெடுத்தபின் ஒரு கோப்பு இடம் மாறினால், படிமத்தில் அட்டவணை பழையதாகவும் உள்ளடக்கம் புதியதாகவும் நிற்கும். அதைவிடக் கொடுமை, மீட்டெடுக்கும் நாள்வரை இந்தக் கோளாறு வெளியே தெரியாமலே கிடக்கலாம்.

1974-இல் யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்பில் வந்த ‘டிடி’ என்ற படியெடுப்புக் கட்டளை இதையெல்லாம் பார்ப்பதில்லை. அடுத்த ஆண்டு ஆறாம் பதிப்போடு வந்த ‘டம்ப்’ என்ற காப்பு நிரல் கோப்பு முறைமையின் கட்டமைப்பை அறிந்தது. ஆனாலும் வட்டை நேரடியாகவே படித்தது. எழுத்து வேலையை நிறுத்திவைப்பது இயக்குபவர் பொறுப்பு. லினக்ஸ் 2.4-இல் நிலைமை மோசமானது. கோப்பின் புதிய உள்ளடக்கம் ஓர் இடைநினைவகத்தில் இருக்க, டம்ப் வேறொன்றின் வழியே படித்தது. 2001 ஏப்ரலில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் டம்ப்பைக் கைவிடும்படி வெளிப்படையாக எச்சரித்தார்.

ஆக்லாந்தில் உருவாகி 1998-இல் சைமன்டெக் வாங்கிய ‘கோஸ்ட்’ என்ற படியெடுப்பு மென்பொருள் டாஸ் பிளாப்பியிலிருந்து இயங்கியது. விண்டோஸ் இயங்காதபோது படியெடுத்ததால் சிக்கல் எழவில்லை. தைவானின் ‘குளோன்சில்லா’வும் அதே வழிதான்.

உண்மையான திருப்பம், கருவியே மறுக்கத் தொடங்கியபோது வந்தது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையைப் படியெடுக்கும் ‘என்டிஎஃப்எஸ்குளோன்’, வட்டின் அந்தப் பகிர்வு (பார்ட்டிஷன்) மவுண்ட் ஆகியிருக்கிறதா, அதாவது இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். எழுதும் உரிமையோடு மவுண்ட் ஆகியிருந்தால் நின்றுவிடும். ஒழுங்காக மூடப்படாத பகிர்வையும், வற்புறுத்தினாலொழிய, அது தொடாது. இதன் அருமையைத் தமிழ்நாட்டு அரசு 2011 முதல் பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினியில் காணலாம். அதில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே வட்டில் இருந்தன. செங்கல்பட்டு மாணவி ஒருத்தி விண்டோஸை உறங்கவைத்துவிட்டு பாஸில் நுழைகிறாள் என்று கொள்வோம். விண்டோஸ் பகிர்வு மவுண்ட் ஆகவில்லை. பார்வைக்குச் சும்மா கிடக்கிறது. ஆனால் விண்டோஸ் பாதி வேலையை உறக்கக் கோப்பில் வைத்திருக்கிறது. விண்டோஸ் 8-இன் விரைவுத் தொடக்கம் வந்தபின், ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் இதே நிலைதான். மவுண்ட் சோதனை மட்டும் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மறுப்பதால் மட்டும் இரவு பகலாக ஓடும் சர்வருக்குத் தீர்வு கிடைக்காது. அங்கே உதவியது ஸ்னாப்ஷாட்: ஒரு கணத்து நிலையை உறையவைத்து, அதன்பின் மாறும் தொகுதிகளின் பழைய வடிவத்தைத் தனியே காப்பது. 2003-இல் வெளியான ஃப்ரீபிஎஸ்டி 5.0-இல் கிர்க் மெக்கூசிக்கின் ஸ்னாப்ஷாட் இடம்பெற்றது. டம்ப்புக்கே அது கைகொடுத்தது. விண்டோஸின் நிழற்படி சேவை, தரவுத்தளங்களையும் முன்கூட்டி எச்சரித்து எழுத்தை நிறுத்தச் சொல்கிறது. வட்டில் எழுத்து நிற்பது 10 விநாடிக்கு மேல் நீளக்கூடாது. லினக்ஸில் 2009-இன் 2.6.29 பதிப்பு, கோப்பு முறைமையை உறையவைக்கும் வசதியைப் பொதுவாக்கியது.

2024 மார்ச்சில் வந்த லினக்ஸ் 6.8, மவுண்ட் ஆன வட்டுமீது பிற நிரல்கள் நேரடியாக எழுதுவதைக் கெர்னலிலேயே தடுக்கும் அமைப்பைத் தந்தது. தவறான இலக்குமீது படிமத்தை மீட்டு வட்டை அழிக்கும் விபத்துக்கு அது அணை. படிப்பதை அது தடுக்கவில்லை. டிடி இன்றும் 1974-இல் போலவே இயங்கும் வட்டைப் படிக்கும்.

படிமம் நீதிமன்றத்தில் சான்றாகும்போதும் இந்தக் குறை தொடர்கிறது. அதே ஆண்டு ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த இந்தியச் சான்றுச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுச் சான்றோடு அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் மதிப்பையும் சான்றிதழில் குறிக்கச் சொல்கிறது. இயங்கும் வட்டை இரண்டு முறை படியெடுத்தால் பெரும்பாலும் இரண்டு ஹாஷ் வரும். எடுத்து முடித்த படிமம் பின்னர் மாறவில்லை என்பதை அந்த எண் உறுதிசெய்யும்; எடுக்கும்போதே உள்ளே முரண் புகுந்ததா என்பதை அதனால் காட்ட முடியாது.