கூண்டில் நின்ற முகம்

நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில், பாறசாலைக்கு அருகே, குன்னத்துகால் என்னும் ஊர் இருக்கிறது. அதற்கு அப்பால் விளவங்கோட்டு நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுக்காக்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் இப்பக்கத்து மக்களுக்கு உறவு ஓரிடம், வழக்கு ஓரிடம் என்றாயிற்று. எல்லைக்குக் கிழக்கே இருப்பவர் வழக்கென்றால் குழித்துறைக்குச் செல்வர். மேற்கே இருப்பவர் நெய்யாற்றின்கரைக்குச் செல்வர். முகச்சாயல் ஒன்றுதான், முகத்தைப் பார்த்து நீதி சொல்லும் மன்றங்கள் வேறு, மொழிகளும் வேறு.

குற்றம் சாட்டப்பட்டவனின் முகத்தில் குற்றம் எழுதியிருக்குமா? அதைப் படித்துத் தீர்ப்புச் சொல்ல இயலுமா? வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கு இக்கேள்வி வெறும் நூலாராய்ச்சி அன்று. நம் மொழி அறியாதோர் நடுவே நாம் நிற்கும்போது, நமக்கு முன்னதாகப் பேசுவது நம் முகமே.

உள்ளத்தில் மிகுந்ததை முகம் காட்டிவிடும் என்பது வள்ளுவர் கருத்து. அதற்குப் பளிங்கை அவர் உவமையாக்கினார். ஆனால் அதே வள்ளுவர், செங்கோன்மையைச் சொல்ல வந்த இடத்தில், யாரிடத்தும் கண்ணோட்டம் கொள்ளாமல் ஆராய்ந்து செய்வதே முறை என்றார். குறிப்பறிதல் அமைச்சனுக்கு வேண்டிய திறமை. முகதாட்சணியம் நீதிபதிக்கு ஆகாத குறை. இவ்விரண்டையும் வேறு பிரித்து வைத்ததில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை நினைத்துப் பார்ப்போம். கோவலனைக் கண்ட காவலர், இவன் தோற்றம் கொலைக்குரிய கள்வனின் தோற்றம் அன்று என்றே முதலில் சொன்னார்கள். பொற்கொல்லன் நகைத்தான், கள்வர் கைக்கொள்ளும் தந்திரங்களை நூல் நெறியாக விரித்துரைத்து, நல்ல தோற்றமே கள்வனின் கருவி என்பதுபோல் அவர்கள் உள்ளத்தைத் திருப்பினான். ஒரே முகம் ஒரு கணத்தில் குற்றமற்றதாகத் தோன்றிற்று. மறுகணத்தில் அதுவே ஐயத்துக்கு இடமாயிற்று. முகம் மாறவில்லை, பார்த்தவர் மனம் மாறிற்று. பாண்டியனோ கோவலன் முகத்தைக் காணவும் இல்லை, வழக்கை ஆராயவும் இல்லை.

குன்னத்துகாலிலிருந்து தெற்கே சென்றால் நாகர்கோவிலை அடுத்துச் சுசீந்திரம். அங்குள்ள தாணுமாலயன் கோயிலில் முற்காலத்தில் கைமுக்கு என்றொரு சோதனை நடந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிமார் கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும், கையைக் கட்டிவைத்துச் சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள், புண்ணில்லையேல் குற்றமில்லை. சுவாதித் திருநாள் மகாராஜா ஆண்ட காலத்தில் (1829-1846) இவ்வழக்கம் ஒழிக்கப்பட்டது. மனிதனின் உடலே சாட்சி சொல்லும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தது இச்சோதனை. இன்று நாம் இதைக் கேட்டு வியப்படைகிறோம். எனினும், முகம் வெளிறியதா, உதடு துடித்ததா என்று பார்த்துக் குற்றத்தை முடிவு செய்வதும் ஒருவகைக் கைமுக்கே அன்றோ?

ஆங்கிலேயர் ஆட்சியில் வந்த ஜூரி முறையில் இக்கேள்வி புது வடிவம் பெற்றது. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, உயர்நீதிமன்றத்தில் நடக்கும் விசாரணையில் ஒன்பது ஜூரர்கள் அமர்வார்கள். சட்டம் பயின்றவராக அவர்கள் இருக்க வேண்டியதில்லை. சாட்சியத்தைக் கேட்டு, குற்றவாளியா அல்லவா என்று சொன்னால் போதும். ஏன் என்று காரணம் கூற வேண்டியதில்லை. ஒன்பதின்மரில் அறுவரேனும் ஒருமுகமாக நின்று, நீதிபதியும் உடன்பட்டால், அதுவே தீர்ப்பு.

அப்படி ஒன்பதின்மர் முன் நின்றவர்களில் தமிழ்நாடு மறக்கவொண்ணாத இருவர் உண்டு. ஒருவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். 1944 தீபாவளிக்கு வெளிவந்த ‘ஹரிதாஸ்’ படம் சென்னையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் சிறை புகுந்தார். மற்றவர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்தவர். ஆகையால் இந்தத் தென்திருவிதாங்கூர் மண்ணின் மைந்தர். ‘இந்துநேசன்’ பத்திரிகை ஆசிரியர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பர் 8-ஆம் நாள் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் உயிர் நீத்தார். அவ்வழக்கில் இவ்விருவரும், திரைப்பட இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும், வேறு சிலரும் குற்றஞ்சாட்டப்பட்டனர். நீதிபதி மாக்கெட் முன்னிலையில் விசாரணை நடந்தது. 1945 மே மாதத்தில் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலை பெற்றார்; பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரர்கள் அறுவர் கூறினர், மூவர் மறுத்தனர். நீதிபதி பெரும்பான்மையை ஏற்று ஆயுள் தண்டனை விதித்தார்.

ஆறுக்கு மூன்று என்ற எண்ணிக்கையை நாம் உற்று நோக்க வேண்டும். அறுவரில் ஒருவர் மனம் மாறியிருந்தால் சட்டம் கேட்ட எண்ணிக்கை கிடைத்திராது. அந்தத் தண்டனையும் அன்று விழுந்திராது. இரண்டு கலைஞர்களின் வாழ்வு ஒரு மனிதரின் கருத்தில் தொங்கிற்று.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். அக்காலச் சட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டவர் சத்தியப் பிரமாணம் செய்து தமக்காகத் தாமே சாட்சி சொல்ல வழியில்லை. 1955-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகே அவ்வுரிமை கிடைத்தது. நீதிபதி கேட்கும் கேள்விக்குப் பிரமாணமின்றி விடை கூறலாம். மற்ற நேரமெல்லாம் கூண்டில் வாளா இருக்க வேண்டும். சாட்சிகள் பேசினர், வக்கீல்கள் பேசினர்; கூண்டில் நின்றவரோடு ஜூரர்களுக்கு இருந்த தொடர்பு பெரும்பாலும் கண் வழித் தொடர்பே. ஒருவரின் முகம் தமிழகத்தை உருக வைத்த முகம்; மற்றவரின் முகம் தமிழகத்தைச் சிரிக்க வைத்த முகம். நடிப்பையே தொழிலாகக் கொண்டவன் கலங்கினால் நடிக்கிறான் என்பர். கலங்காதிருந்தால் கல்நெஞ்சன் என்பர். அவ்வொன்பதின்மர் என்ன எண்ணினர் என்பதற்கு ஏடில்லை. காரணம் சொல்ல வேண்டாத முறையில் முகம் செய்த வேலைக்குக் கணக்கும் இல்லை.

உயர்நீதிமன்ற மேல்முறையீடு முதலில் தோற்றது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. உயர்நீதிமன்றம் தன் மேல்முறையீட்டு அதிகாரத்தைக் குறுக்கிக் கொண்டுவிட்டது என்று கருதிய பிரிவி கவுன்சில், வழக்கை மீண்டும் ஆராயும்படி திருப்பியனுப்பிற்று. 1947 ஏப்ரலில் நீதிபதிகள் ஹாப்பல், ஷஹாபுத்தீன் ஆகியோர் பாகவதரையும் கலைவாணரையும் விடுவித்தனர். கண்ணெதிரே முகங்களைக் கண்டவர்கள் தண்டித்தார்கள். சாட்சியத்தை ஏட்டில் வரிவரியாகப் படித்தவர்கள் விடுவித்தார்கள். முகம்தான் தண்டித்தது என்று இதிலிருந்து நாம் முடிவு கட்டலாகாது. ஆயினும் ஏடு காட்டியதைக் கண் காட்டவில்லை என்பது தெளிவு. இரண்டாண்டுக்கு மேல் சிறையில் கழிந்தது. கலைவாணர் மீண்டும் நடித்து, 1957-இல் மறைந்தார். பாகவதருக்குப் பழைய வெற்றி திரும்பவேயில்லை. 1959-இல் அவரும் மறைந்தார்.

அதே 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, பிரேம் அகூஜாவைச் சுட்டுக் கொன்ற வழக்கு நடந்தது. அங்கே ஜூரர்கள் எண்மர் குற்றமில்லை என்றனர். ஒருவர் மட்டும் மறுத்தார். செஷன்ஸ் நீதிபதி அதை ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்பினார். உயர்நீதிமன்றம் தண்டித்தது, 1961-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதி செய்தது. அனுதாபம் ஒரு பக்கமும் சாட்சியம் மறுபக்கமும் நின்ற வழக்கு அது. ஜூரி முறையை விட்டுவிடலாம் என்று சட்டக் கமிஷன் 1958-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தது. 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லாமற் போயிற்று.

ஜூரி நிலைத்த நாடுகளில் இத்தொல்லையும் நிலைத்தது. ஆஸ்திரேலியாவில் 1980-ஆம் ஆண்டு லிண்டி சேம்பர்லைன் என்ற தாயின் கைக்குழந்தையை டிங்கோ என்னும் காட்டுநாய் தூக்கிச் சென்றது. அவர் போதுமான அளவு அழவில்லை, முகம் இறுகியிருந்தது என்று ஊர் பேசிற்று. 1982-இல் ஜூரி அவரைக் கொலைகாரி என்றது. 1986-இல் குழந்தையின் சட்டை கண்டெடுக்கப்பட்ட பின் விடுதலையானார். 1988-இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. நாயே கொன்றது என்று விசாரணை அதிகாரி சொல்லி முடித்தது 2012-இல்.

விஞ்ஞானம் சொல்வது யாது? பொய்யையும் மெய்யையும் பார்த்துப் பிரிக்கும் திறமை பற்றிய பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2006-இல் அமெரிக்க அறிஞர் பாண்டும் டிபாலோவும் வெளியிட்ட கணக்கின்படி, மக்கள் சரியாகச் சொல்வது நூற்றுக்கு 54 அளவே. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 கிடைக்கும். அச்சம், நாணம், களைப்பு, துக்கம் ஆகியவற்றையும் பார்ப்பவர் குற்ற உணர்வு என்று தவறாகப் படித்துவிடலாம்.

இப்போது நம் நிலைக்கு வருவோம். பெரியோர் முன் கண் தாழ்த்துவது நம் ஊரில் மரியாதை; வேற்றிடத்தில் அது குற்றவுணர்ச்சியாகப் படலாம். சங்கடம் நேர்ந்தால் அசட்டுச் சிரிப்பு எழுவது நமக்குப் பழக்கம். அறியாதவர் அதைத் திமிர் என்பர். இக்காலத்தில் சிறையிலிருந்தே காணொளி வழியாக விசாரணை நடப்பதும் உண்டு. திரையில் சிறுத்துத் தெரியும் முகம் இன்னும் எளிதில் தவறாகப் படிக்கப்படும். ஆகவே முகத்தை நம்பியிராமல், சட்டம் தந்துள்ள சொல்லை நம்ப வேண்டும். குற்றஞ்சாட்டப்பட்டவருக்குத் தெரியாத மொழியில் சாட்சியம் அளிக்கப்பட்டால், அதை அவர் அறிந்த மொழியில் திறந்த மன்றத்திலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பழைய சட்டத்திலும் உண்டு. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் உண்டு. தமிழில் பெயர்த்துச் சொல்லுங்கள் என்று கேட்பது சலுகை அன்று, உரிமை.

குன்னத்துகாலில் வாழும் தமிழர் நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் நின்றாலும், மற்றொரு தமிழர் பம்பாயிலோ தில்லியிலோ நின்றாலும், இவ்வுரிமை ஒன்றே. கொதிக்கும் நெய்யை நாம் கைவிட்டோம். ஒன்பதின்மர் பலகையையும் கைவிட்டோம். முகத்தைப் பார்த்து முடிவு கட்டும் பழக்கம் மட்டும் நீதிமன்றத்துக்கு உள்ளேயும் வெளியேயும், நம்மிடத்திலும் மிஞ்சியிருக்கிறது. அடுத்த முறை ஒருவர் முகத்தைக் கண்டு, இவன் செய்திருப்பான் என்று நம் மனம் சொல்லுமானால், 1945-இல் ஆறுக்கு மூன்றாக நின்ற அந்த ஒன்பதின்மரை நினைத்துச் சற்றே நிற்போமாக.